பள்ளியில் முதல் மாணவன், இப்போது கூட்டத்தில் ஒருவன்: நான் தனி ரகமா, சாதாரணமா?

மேலூர்க்காரன்:

ரொம்ப நாளாக மனதில் ஓடும் கேள்வி. வீட்டில் கேட்டால் "உனக்கு வேற வேலை இல்லையா" என்பார்கள். அதனால் இங்கே.

மதுரைப் பக்கம் சின்ன ஊர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தது 2009-ல், 1200 மதிப்பெண் காலம். பள்ளியில் முதல், ஊரிலும் முதல். கணக்கில் சென்டம். திருவிழா மேடையில் கூப்பிட்டுத் துண்டு போர்த்தினார்கள், டீக்கடையில் ஒரு வாரம் காசு வாங்கவில்லை. கிண்டி பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. விடுதிக்குப் போன புதிதில் ஒவ்வொருவராக அறிமுகம் செய்துகொண்டோம். எங்கள் தளத்தில் இருந்த அத்தனை பேரும் "ஸ்கூல் ஃபர்ஸ்ட்". இரண்டு பேர் மாவட்ட முதலிடம். என் முறை வந்தபோது ஊர்ப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

இப்போது வயது 33. சென்னை ஓஎம்ஆரில் மென்பொருள் வேலை, வீட்டுக்கடன், ஒரு பெண் குழந்தை. போன மாத மதிப்பீட்டில் ஐந்துக்கு மூன்று. "எதிர்பார்ப்பைப் பூர்த்தி செய்கிறார்" என்று ஒரு வரி. புகார் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என்னிடம் மற்றவர்களிடம் இல்லாத ஏதோ ஒன்று இருப்பதாகப் பதினேழு வயது வரை நம்பியிருந்தேன். அது நிஜமாகவே இருந்ததா, அல்லது போட்டிக்கு ஆள் இல்லாத ஊரில் வந்த மயக்கமா?

நீங்கள் உங்களை எப்படி நினைத்துக்கொள்கிறீர்கள்? "எல்லாருமே சிறப்பானவர்கள்தான்" என்ற வாட்ஸப் வாசகம் மட்டும் வேண்டாம்.

சும்மா:

சாதாரணம். நீங்களும் சரி, நானும் சரி. இந்தக் கேள்விகூடச் சாதாரணமானதுதான், முப்பது தாண்டிய முன்னாள் முதல் மாணவர்கள் முக்கால்வாசிப் பேருக்கு வரும். போய்த் தூங்குங்கள்.

மகம்_நான்காம்_பாதம்:

உங்கள் நட்சத்திரம் என்ன என்று சொல்லவில்லையே? ஜாதகத்தைப் பார்த்தாலே உங்கள் தனித்தன்மை தெரிந்துவிடும். நான் மகம். "மகம் ஜகத்தை ஆளும்" என்பார்கள். எங்கள் ஜோதிடர் என்னை நேரில் பார்க்காமலேயே சொன்னார்: "வெளியே திடமாகத் தெரிவீர்கள், உள்ளுக்குள் கவலைப்படுகிறவர். உங்கள் திறமைக்கு ஏற்ற வாய்ப்பு இன்னும் வரவில்லை." அப்படியே நான்!

சும்மா:

மகம் அவர்களே, நட்சத்திரம் 27. உலகத்தில் 800 கோடிக்கு மேல் மக்கள். சமமாகப் பிரித்தால் மகத்துக்கு மட்டும் சுமார் 30 கோடிப் பேர். அத்தனை பேர் ஆள ஜகம் பத்தாது.

ஜோதிடர் சொன்னது உங்களுக்கு மட்டும் பொருந்துகிறதா என்று கேட்கிறேன். 1948-ல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் ஆசிரியர் தன் வகுப்பில் 39 மாணவர்களுக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக "உன் ஆளுமை இதுதான்" என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. அப்புறம்தான் சொன்னார், அத்தனை பேருக்கும் கொடுத்தது ஒரே தாள் என்று. வாசகங்களையும் கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்துதான் எடுத்திருந்தார். "வெளியே கட்டுப்பாடாகத் தெரிவாய், உள்ளே கவலைப்படுவாய்" என்பது அதில் ஒரு வரி. "உன்னிடம் நீ பயன்படுத்தாத திறமை நிறைய இருக்கிறது" என்பது இன்னொன்று.

மேலூர்க்காரரே, "என்னிடம் ஏதோ ஒன்று இருப்பதாக நம்பினேன்" என்று நீங்கள் எழுதியதையும் அந்தத் தாளில் சேர்த்துக்கொள்ளலாம்.

தணிகை (ஓய்வு):

தம்பிக்கு வணக்கம். நான் காவல் துறை விரல்ரேகைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒருவருடைய ரேகை இன்னொருவருக்கு வராது என்ற நம்பிக்கையில்தான் எங்கள் சம்பளமே ஓடியது. அதனால் இந்த விவாதத்தில் எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

தாய் வயிற்றில் மூன்றாம் மாத வாக்கில் விரல் நுனியில் மேடு பள்ளம் தோன்ற ஆரம்பிக்கும். ஐந்தாம் மாதத்துக்குள் அமைப்பு முடிவாகிவிடும். அதற்குப் பிறகு ஆள் வளரலாம், இளைக்கலாம், ரேகையின் அமைப்பு மாறாது. நாங்கள் அதை லூப், வோர்ல், ஆர்ச் என்று பிரிப்போம். பத்தில் ஆறு விரல் லூப்தான். வோர்ல், அதாவது சுழி, அடுத்தது. ஆர்ச் அபூர்வம், நூற்றுக்கு ஐந்து வரும். அந்த அளவில் பார்த்தால் எல்லாரும் கூட்டத்தில் ஒருவர்தான். பூதக்கண்ணாடியை வைத்து ஒரு கோடு எங்கே நிற்கிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று புள்ளி புள்ளியாகப் பார்க்கும்போதுதான் ஆள் தனியாகத் தெரிவார்.

இந்தத் தொழிலின் பிறப்பே நம் நாட்டில்தான். 1858-ல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துக்குப் பதிலாக ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரின் உள்ளங்கையையே மையில் பதிய வைத்தார். 1897-ல் கல்கத்தாவில் ரேகைக்கென்றே அலுவலகம் வந்தது. வகைப்படுத்தும் முறைக்கு மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரை வைத்தார்கள். கணக்கையும் அட்டவணையையும் போட்டு உழைத்தவர்கள் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு உதவி ஆய்வாளர்கள். ஆளைத் தனியாக அடையாளம் காட்டும் முறையைச் செய்தவர்களின் பெயரே வெளியே தெரியாமல் போனது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

சொல்ல வந்தது: நீங்கள் தனி ஆள்தான். உங்கள் ஆதாரில் பத்து விரலும் இரண்டு கண்ணும் பதிவாகியிருக்கிறதே, அதைப் போய் யாரும் சாதாரணம் என்று சொல்ல முடியாது.

சும்மா:

ஐயா, மரியாதையோடு ஒரு ஆட்சேபம். எங்கள் வீட்டுத் தரையில் பதித்த கிரானைட்டில் ஒரு பலகையின் பூ இன்னொன்றில் இல்லை. அதற்காக யாரும் அதைக் கும்பிடவில்லை, மிதித்துக்கொண்டுதான் போகிறோம். வேறாக இருப்பது ஒன்று, மேலாக இருப்பது வேறொன்று. அவர் கேட்பது இரண்டாவதை.

ரெட்டை_அம்மா:

எங்கள் வீட்டில் ஒரே முகத்தில் இரண்டு பையன்கள், பத்து வயது. என் கணவரின் போனில் பெரியவன் முகத்தைப் பதிந்து வைத்தோம், சின்னவன் காட்டினாலும் திறக்கிறது. ஆனால் ரேகை இருவருக்கும் வேறு. தணிகை சார் சொல்வது சரிதான், ஒரே கருவிலிருந்து பிரிந்தாலும் வயிற்றுக்குள் இருந்த இடம், அழுத்தம் எல்லாம் வேறு என்பதால் அப்படி ஆகுமாம். மரபணுவிலேயே சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு என்று 2021-ல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அச்சில் வார்த்த மாதிரி இருக்கும் இரட்டையர்களுக்கு இடையிலும் சராசரியாக ஐந்து இடங்களில், கருவின் தொடக்க நாட்களிலேயே மாற்றம் வந்திருக்கிறதாம்.

அதெல்லாம் யாருக்கு வேண்டும்? பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "இதில் யார் நல்லாப் படிக்கிறவன்?" அதுவும் பிள்ளைகள் எதிரிலேயே. ஒரே முகமாக இருந்தால்கூட ஒருவனை மேலே, ஒருவனைக் கீழே வைக்காமல் விட மாட்டார்கள். போன வருடத்திலிருந்து சின்னவன் செஸ் விளையாடுவதை நிறுத்திவிட்டான். பிடிக்கவில்லையா என்றால், "அது அவன் கேம்" என்கிறான். அண்ணன் எதைத் தொட்டாலும் இவன் அதை விட்டுவிடுகிறான். தனியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தனக்குப் பிடித்ததை விடுகிற குழந்தையை வைத்துக்கொண்டு, "நான் தனி ரகமா" என்று பெரியவர்கள் கேட்பதைப் படிக்கக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது. மன்னிக்கவும்.

கணக்கு_டீச்சர்:

மேலூர்க்காரருக்கு. நான் திருநெல்வேலிப் பக்கம் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். உங்களை மாதிரிப் பிள்ளைகளை வருடா வருடம் வழியனுப்பி வைப்பவள்.

உங்கள் விடுதியில் நடந்தது கணக்குப்படி நடக்க வேண்டியதுதான். மாநிலத்தில் ஆயிரக்கணக்கில் மேல்நிலைப் பள்ளிகள், ஒவ்வொன்றிலும் ஒரு முதல். அவர்களை எல்லாம் ஒரே கட்டடத்தில் கொண்டு வந்து வைத்தால் ஒருவரைத் தவிர மற்றவர் யாரும் அங்கே முதலாக இருக்க முடியாது. பிள்ளைகளுக்கு இது கணக்காகத் தெரிவதில்லை, விழுந்துவிட்டதாகத் தெரிகிறது.

ஹெர்பர்ட் மார்ஷ் என்ற ஆய்வாளர் 1980-களிலிருந்து இதையே ஆராய்ந்தவர். ஒரே திறமையுள்ள இரண்டு மாணவர்களில், கெட்டிக்காரர்கள் நிறைந்த பள்ளிக்குப் போனவன் தன்னைக் குறைவாக மதிப்பிடுகிறான், சாதாரணப் பள்ளியில் இருப்பவன் கூடுதலாக மதிப்பிடுகிறான். 2003-ல் வந்த ஆய்வில் 26 நாடுகளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பதினைந்து வயதுப் பிள்ளைகளின் விவரத்தை எடுத்துப் பார்த்தார்கள், அதே கதைதான். ஆக, கிண்டிக்குப் போனதும் உங்கள் மூளை சுருங்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் மாறினார், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்கிறேன், நீங்கள் கவுன்சிலிங்குக்குப் போனவர், நினைவிருக்கும். கட்-ஆஃப் 200. கணக்குக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. உங்கள் காலத்தில் இரண்டு பேர் ஒரே கட்-ஆஃப் வாங்கினால் முதலில் கணக்கு மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். அதுவும் சமமென்றால் இயற்பியல், அப்புறம் நான்காவது பாடம், அப்புறம் பிறந்த தேதி, வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. அதிலும் ஒத்துப்போனால்? விண்ணப்பித்த எல்லாருக்கும் கணினி கொடுத்த பத்து இலக்க ரேண்டம் எண்ணைப் பார்ப்பார்கள். இரண்டு வருட உழைப்பில் ஒரு முடிகூட வித்தியாசமில்லாத இரண்டு பிள்ளைகளில் யாருக்கு மேலிடம் என்பதைக் குலுக்கல் சொல்லிவிடும். நான் இதை வகுப்பில் நிகழ்தகவு நடத்தும்போது சொல்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள், பெற்றோர் சிரிக்க மாட்டார்கள்.

2017-லிருந்து பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அரசு நிறுத்திவிட்டது. நல்ல காரியம். லட்டு ஊட்டும் படம் பத்திரிகையில் குறைந்திருக்கிறது. பள்ளி வாசல் ஃபிளெக்ஸ்தான் குறையவில்லை.

முல்லை_பெடியன்:

வணக்கம். முல்லைத்தீவில் படித்து, இப்போது கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறேன். டீச்சர் சொன்னதை எங்கட நாடு அப்படியே ஒரு எண்ணாக்கி வைத்திருக்கிறது, அதற்குப் பெயர் இசட் புள்ளி. பள்ளி முடிவில் எழுதுகிற ஏ.எல். பரீட்சையில் நீ எத்தனை மார்க் எடுத்தாய் என்பதை நேரே பார்ப்பதில்லை. அதே பாடம் எழுதிய மற்றவர்களின் சராசரியிலிருந்து நீ எவ்வளவு தூரம் மேலே நிற்கிறாய் என்றுதான் கணக்கு. பெறுபேற்றுத் தாளில் மாவட்ட நிலை ஒன்று, தீவு நிலை ஒன்று.

பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. எனக்குப் பேராதனையில் பொறியியல் கிடைத்தது. என்னைவிடக் கூடிய புள்ளி எடுத்த யாழ்ப்பாணத்து மச்சானுக்குக் கிடைக்கவில்லை, அங்கே வெட்டுப்புள்ளி அதிகம். மாமா வீட்டில் கொஞ்சக் காலம் ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. நான் கெட்டிக்காரனா, அவன் கெட்டிக்காரனா? அவனுக்குப் பின்னேரம் டியூட்டரி இருந்தது. எனக்கு இருந்தது இடம்பெயர்ந்து திரும்பிய பள்ளிக்கூடம், பாதி நாள் பௌதிகத்துக்கு ஆசிரியர் இல்லை. ஒருவரைத் தனியாக எடுத்து நிறுத்தி அளக்கலாம் என்றே நான் நம்புவதில்லை.

சாத்தூர்_பொண்ணு:

அண்ணா, அக்கா, எல்லாருக்கும் வணக்கம். நான் இப்போது நீட் எழுதக் காத்திருக்கிறேன், அரசுப் பள்ளி. 2024-ல் நடந்ததைச் சொல்லவா? ஜூன் மாதம் முடிவு வந்தபோது 720-க்கு 720 வாங்கி அகில இந்திய முதலிடம் பெற்றவர்கள் 67 பேர். அதில் கருணை மதிப்பெண் பிரச்சினையில் சிலர் போய் 61 ஆனது. அப்புறம் இயற்பியலில் ஒரு கேள்விக்கு இரண்டு விடை சரி என்று கொடுத்திருந்ததை உச்ச நீதிமன்றம் வரை போய் ஒரே விடைதான் என்று மாற்றினார்கள். ஜூலையில் முதலிடத்தில் இருந்தவர்கள் 17 பேர். மீதி 44 பேரும் ஒரு கேள்வியில் முதலிடம் இழந்தவர்கள். ஜூனில் அவர்கள் வீட்டிலும் கேக் வெட்டியிருப்பார்கள் இல்லையா?

எனக்கு அந்த அளவுக்கு எல்லாம் வராது. எங்கள் பள்ளியில் நான்தான் முதல். அதனால் மேலூர் அண்ணா எழுதியதைப் படித்ததும் பயமாக இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்துச் சென்னைக்குப் போனால் நானும் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு உட்கார வேண்டியதுதானா?

தையல்_மெஷின்:

நான் படித்தவள் இல்லை, தையற்கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட், சுடிதார். நீங்கள் பேசுவது பாதி புரிகிறது, ஆனால் "சராசரி ஆள்" என்பதைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தை சொல்ல இருக்கிறது. அப்படி ஒருத்தி இதுவரை என் கடைக்கு வந்ததில்லை.

ரெடிமேடில் 36 என்று எழுதியிருக்கும். மார்பு 36 உள்ள இரண்டு பேரை நிறுத்துங்கள், ஒருத்தியின் ஜாக்கெட் மற்றவளுக்குச் சேராது. ஒருத்திக்கு ஷோல்டர் சின்னது, ஒருத்திக்குக் கை லூஸ் கூட வேண்டும், இன்னொருத்திக்கு முன்கழுத்து இறக்கினால் தோள் நழுவும். கைக்குழந்தையை ஒரே பக்கம் இடுப்பில் வைத்தவளுக்கு ஒரு தோள் இறங்கியிருக்கும், அந்தப் பக்கம் அரை இஞ்ச் குறைத்து வெட்ட வேண்டும். அளவு எடுத்த நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் இதெல்லாம் குறித்து வைப்பேன். பெயர் மறந்தாலும் "வலது தோள் இறக்கம்" என்றால் ஆள் ஞாபகம் வந்துவிடும்.

அதே சமயம் வெட்டும் முறை என்று பார்த்தால் நான்கு டாட், கட்டோரி, பிரின்சஸ் கட், இன்னும் ஒன்றிரண்டு. அதற்குள் எல்லாரும் அடக்கம். கலெக்டர் வீட்டு அம்மா வந்தாலும் நான்கு டாட்தான். புதிதாக ஓர் ஆளுக்கு என்று புது முறை கண்டுபிடிக்க வேண்டியது வந்ததில்லை. உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைத்தால் போதும், பின்னால் பிரித்துக்கொள்ளலாம்.

சும்மா:

அக்கா, உங்களுக்கு அமெரிக்க விமானப்படை சாட்சி சொல்லும். கிண்டல் இல்லை.

1950-ல் ஓஹையோவில் உள்ள ரைட்-பேட்டர்சன் தளத்தில் 4,063 விமானிகளின் உடலை அளந்தார்கள். அதற்கு முன் விமானி அறையை 1926-ல் எடுத்த சராசரி அளவுக்கு வைத்துக் கட்டியிருந்தார்கள், விபத்துகள் கூடிக்கொண்டே போயின. ஆட்கள் வளர்ந்துவிட்டார்கள், புதிய சராசரி எடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள். கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் அதிகாரி ஒரு காரியம் செய்தார். உயரம், மார்புச் சுற்று, கை நீளம் என்று பத்து முக்கிய அளவுகளை எடுத்துக்கொண்டு, பத்திலும் சராசரியாக இருப்பவர் எத்தனை பேர் என்று எண்ணினார். சராசரிக்குத் துல்லியமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, நடுவில் உள்ள 30 சதவீதத்துக்குள் வந்தால் போதும் என்று தாராளமாக வைத்துக்கொண்டார்.

ஒருவர்கூட இல்லை. 4,063-ல் பூஜ்யம். மூன்றே மூன்று அளவுகளை எடுத்தால்கூட நூற்றுக்கு நான்கு பேர் தேறவில்லை. அதற்குப் பிறகுதான் இருக்கையை முன்னே பின்னே நகர்த்துகிற மாதிரிச் செய்யச் சொல்லி விமானப்படை அடம் பிடித்தது. இன்றைக்கு உங்கள் கார் சீட்டை நகர்த்துகிறீர்களே, அந்த யோசனைதான்.

ஆக நான் முதலில் சொன்ன "சாதாரணம்" என்பதற்கு ஒரு திருத்தம்: உடம்பளவில் சாதாரண ஆள் கிடையாது. மதிப்பீட்டுத் தாளில் மட்டும் உண்டு.

மேலூர்க்காரன்:

இத்தனை பேர் எழுதுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ரெட்டை அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். சின்னவனிடம் அடுத்த தடவை செஸ் பலகையை நீங்களே எடுத்து வைத்து உட்காருங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. அதிகப்பிரசங்கித்தனம் என்றால் விட்டுவிடுங்கள்.

டீச்சர் சொன்ன கணக்கு எனக்குப் புரியும், அப்போதே புரிந்தது. வலித்தது அது இல்லை. ஊரில் விடைத்தாளில் பெயர் எழுத மறந்தாலும் கையெழுத்தைப் பார்த்தே "இது உன்னுதுதானே" என்று கேட்ட வாத்தியார்கள் இருந்தார்கள். நூலகர் புதுப் புத்தகம் வந்தால் எனக்கு ஆள் அனுப்புவார். தையல்கடை அக்காவின் நோட்டு மாதிரி என்னைக் குறித்து வைத்திருந்தார்கள். இங்கே என் குழுவில் என் பெயரிலேயே மூன்று பேர், இனிஷியல்தான் வித்தியாசம். போன வாரம் இன்னொருவருக்குப் போக வேண்டிய பாராட்டு எனக்கு வந்தது. நன்றி சொல்லிப் பதில் போட்டுவிட்டேன், யாரும் கவனிக்கவில்லை.

சும்மா:

அப்படியானால் உங்கள் கேள்வி "நான் யார்" இல்லை, "என்னை யார் பார்க்கிறார்கள்". ஐந்துக்கு மூன்று போட்ட மேலாளர் மேல் உள்ள கடுப்பைத் தத்துவமாக்கி எழுதியிருக்கிறீர்கள்.

நெறியாளர்:

சும்மா, ஆளை விட்டுவிட்டுக் கருத்தைப் பேசவும்.

மேலூர்க்காரன்:

பரவாயில்லை நெறியாளர், கொஞ்சம் உண்மை இருக்கிறது. முழுதும் இல்லை. யாருமே பார்க்காத நேரத்திலும் எனக்கு அந்த எண்ணம் உண்டு. ரயிலில் தனியாக வரும்போது தலைக்குள் ஓடுவது எனக்கு மட்டும் கேட்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர் தலைக்குள் ஓடுவது கேட்பதில்லை. அவர் கண்ணுக்கு நான் ஒரு பை, ஒரு செல்போன். என் கண்ணுக்கு அவரும் அப்படித்தான். இந்த ஒருதலைப்பட்சமான ஏற்பாட்டில் தன்னைத் தனி என்று நினைக்காத ஆள் இருக்க முடியுமா?

சும்மா:

இது நல்ல கேள்வி, இதற்கு நான் சண்டை போட மாட்டேன். ஓலா ஸ்வென்சன் என்ற சுவீடன்காரர் 1981-ல் கார் ஓட்டுகிறவர்களிடம் "இங்கே இருப்பவர்களோடு ஒப்பிட்டால் உங்கள் ஓட்டும் திறமை எப்படி" என்று கேட்டார். அமெரிக்காவில் 93 சதவீதம் பேர், சுவீடனில் 69 சதவீதம் பேர் தங்களை மேல் பாதியில் வைத்துக்கொண்டார்கள். மேல் பாதியில் 50-க்கு மேல் இடமில்லை. நம் ஓஎம்ஆரில் கேட்டால் 100-ஐத் தாண்டும். தன் கையில் ஸ்டியரிங் இருக்கும்போது தான் பிரேக் போட்டது மட்டும்தான் தெரியும், மற்றவன் போட்டது ஹாரனாகத்தான் கேட்கும்.

சாத்தூர்_பொண்ணு:

தணிகை தாத்தா, ஒரு சந்தேகம். ஒருவர் ரேகை இன்னொருவருக்கு வராது என்று யார் நிரூபித்தார்கள்? உலகத்தில் எல்லாருடைய ரேகையையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாதே?

தணிகை (ஓய்வு):

நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டாய் அம்மா. யாரும் நிரூபிக்கவில்லை. 1892-ல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கில விஞ்ஞானி கணக்குப் போட்டு, ஒரு விரல் ரேகை இன்னொன்றோடு அப்படியே ஒத்துப்போக 6,400 கோடியில் ஒரு வாய்ப்பு என்றார். அது கணக்கு, கண்டது இல்லை. முழு ரேகையாக இரண்டு பேருக்கு ஒன்றாக இருந்து இதுவரை யாரும் காட்டியதில்லை, அந்த அனுபவத்தில்தான் ஓடுகிறது.

சிக்கல் எங்கே வரும் என்றால், சம்பவ இடத்தில் முழு ரேகை கிடைக்காது. அரை விரல், கால் விரல், அழிந்த தடம். 2004-ல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் ஒரு பையில் கிடைத்த தடத்தை வைத்து, அமெரிக்காவில் ஒரு வழக்கறிஞரை எஃப்பிஐ பிடித்து உள்ளே வைத்தது. அவர் பல வருடங்களாக வெளிநாட்டுக்கே போயிருக்கவில்லை. நிபுணர்கள் ஒருவருக்குப் பின் ஒருவராக "இவர்தான்" என்றார்கள். கடைசியில் ஸ்பெயின் போலீஸ் அந்த ரேகை ஓர் அல்ஜீரியருடையது என்று கண்டுபிடித்து, எஃப்பிஐ மன்னிப்புக் கேட்டது. 2009-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் வெளியிட்ட அறிக்கை எங்கள் தொழிலை நன்றாகவே உலுக்கியது. ஆள் தனியாக இருக்கலாம், பார்க்கிறவன் கண்ணுக்கு அது பிடிபடுமா என்பது வேறு.

சாத்தூர்_பொண்ணு:

நன்றி தாத்தா. டீச்சர், முல்லை அண்ணா, என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. மதிப்பெண் இருந்தால் சென்னையா, இல்லை விருதுநகரிலேயே இருக்கிற கல்லூரியா? அங்கே போனால் "ஒதுக்கீடு" என்று சொல்வார்களா?

முல்லை_பெடியன்:

சொல்வார்கள் தங்கச்சி. எனக்கு "மாவட்டக் கோட்டா" என்று முகத்துக்கு நேரேயே சொன்னார்கள். முதல் வருடம் ஆங்கிலத்தில் விரிவுரை, ஒன்றும் விளங்கவில்லை. இரவில் அகராதியோடு இருந்தேன். இரண்டாம் வருடத்துக்குப் பிறகு யார் எந்த வழியில் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தங்கள் ரிப்பீட் பாடங்களே கவலை.

கணக்கு_டீச்சர்:

மார்ஷ் சொன்னதை வைத்துச் சின்னக் கல்லூரிதான் நல்லது என்று முடிவு கட்டாதே. அவர் அளந்தது பிள்ளைகள் தங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதை, என்ன செய்ய முடியும் என்பதை இல்லை. மருத்துவத்தில் நோயாளிகளின் கூட்டம்தான் பாடம். சென்னையில் அது அதிகம், விருதுநகரில் நீ நின்று பார்க்க இடம் அதிகம். விடுதிச் செலவையும் கணக்கில் எடு. இடம் கிடைத்தால் நான் சென்னை என்பேன். முதல் உள்தேர்வில் மதிப்பெண் குறையும், அதை மட்டும் இப்போதே வீட்டில் சொல்லி வை.

மேலூர்க்காரன்:

டீச்சர் சொன்னதோடு ஒன்று. முதல் மாதத்திலேயே உன் மாவட்டத்து சீனியர் யாராவது ஒருவரைக் கண்டுபிடி, பழைய நோட்டுகளை வாங்கிக்கொள். நான் கூச்சப்பட்டுக்கொண்டு மூன்றாம் செமஸ்டர் வரை யாரிடமும் கேட்கவில்லை. சென்னை வந்தால் இந்த இழையிலேயே எழுது. தங்க இடம் பார்க்க, வங்கிக் கணக்கு திறக்க, என் மனைவியும் நானும் கூட வருகிறோம்.

சாத்தூர்_பொண்ணு:

ரொம்ப நன்றி அண்ணா. தணிகை தாத்தா, கடைசியாக ஒன்று. எங்கள் பாட்டி சின்ன வயதிலிருந்து தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். ரேஷன் கடை மிஷினில் அவருக்கு ரேகை விழுவதே இல்லை. "நீங்க நீங்கதானான்னு தெரியலை" என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

தணிகை (ஓய்வு):

பசையிலும் மருந்திலும் தேய்ந்திருக்கும் அம்மா, சிமெண்ட் வேலை செய்பவர்களுக்கும் இப்படித்தான். மேல்தோல்தான் தேய்ந்திருக்கும், அமைப்பு உள்ளே இருக்கும். கட்டைவிரலை மட்டுமே வைக்காமல் பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கச் சொல், ஏதாவது ஒரு விரல் தேறலாம். காய்ந்த கையென்றால் முந்தின இரவு தேங்காய் எண்ணெய் தடவி, காலையில் கழுவித் துடைத்துக்கொண்டு போகட்டும். அப்படியும் விழவில்லை என்றால் ஆதார் மையத்தில் ரேகையையும் கருவிழியையும் மறுபடி பதிந்துவிடுங்கள். அதுவரை கார்டில் பெயர் உள்ள வேறு யாராவது போய் ரேகை வைத்து வாங்கலாம், பாட்டியை வரிசையில் நிறுத்த வேண்டாம்.